மூன்றாவது குதிரையின் காதில் ஒரு பனங்காடை

மாசி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில் உள்ள ஒரு கண்மாய்க்குப் போய் வந்தேன். ஒரே ஒரு பறவைக்காக. பனங்காடை. உட்கார்ந்திருக்கும்போது காய்ந்த மண் நிறத்தில், யாரும் திரும்பிப் பார்க்காதபடி இருக்கும். சிறகை விரித்தால் ஒரு நீலம், அதற்குள் இன்னொரு நீலம். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. போன வருடம் ஒரு குளத்தின் பெயரை எழுதினேன். அடுத்த ஞாயிறே ஒன்பது பேர் போய் நாரைக் கூட்டத்தைக் கலைத்துவிட்டு வந்தார்கள். ஒன்பது பேரும் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கண்மாய்க் கரையில் ஓர் அய்யனார் கோயில் இருக்கிறது. நேர்ந்துகொண்டவர்கள் வைத்த சுடுமண் குதிரைகள் ஐந்து, ஆளைப்போல் இரண்டு மடங்கு உயரத்தில், முள்மரங்களுக்கு நடுவே வரிசையாக நிற்கின்றன. என் அம்மா பிறந்த ஊர் அது. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஏழு வயது இருந்தபோது, ஒரு குதிரையின் தலையில் பனங்காடை வந்து உட்கார்ந்தது. தம்பி கல்லெறிந்தான். பறவை போய்விட்டது, சாமிக் குதிரையின் காது உடைந்து விழுந்தது. பெரியவள் என்று பழி என் தலையில் விழுந்தது. புளிய விளாறால் ஏழு அடி. தம்பி கோயில் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பத்தெட்டு வருடமாக, தான் கல்லே எறியவில்லை என்கிறான்.

போன தை மாதம் அங்கே போய் இருநூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தேன். அத்தனையிலும் பனங்காடை மண் நிறமும் நீலமும் கலந்த ஒரு தீற்றலாக மட்டும் இருந்தது. இருந்ததில் நல்லதை எடுத்து, "நாம சின்ன வயசுல பாத்த அதே பறவை, நீ கல்லெறிஞ்சியே அது" என்று குடும்ப வாட்ஸப்பில் போட்டேன். தம்பி எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதினான்: "இது மீன்கொத்தி. நான் எந்தக் கல்லும் எறியல. அக்காவுக்கு நினைப்பு தடுமாறுது. தனியா வெளிய விடாதீங்க."

என் மகன் தாய்மாமன் பேச்சைக் கேட்கிறவன். மறுநாளே வந்து, "இன்னும் ஒரே தடவை போயிட்டு வாம்மா. அதுலயும் இப்படித்தான் வந்துச்சுன்னா கேமராவை எங்கிட்ட குடுத்துரு, வீட்டோட இரு" என்றான். கல்யாண வீடுகளில் படம் எடுப்பவன் அவன். புதிது வாங்கியபோது பழைய மிரர்லெஸ் கேமராவை எனக்குக் கொடுத்தான். கேமராவில் என்ன கோளாறு என்று அவனிடம் கேட்கலாம்தான். அந்தப் பேச்சுக்குப் பிறகு கேட்க மனம் வரவில்லை. பேகம்பூரில் கேமரா பழுது பார்க்கும் பாயிடம் போனேன்.

பாய் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "கேமராவுல ஒரு குறையும் இல்லம்மா. மனுசக் கண்ணைத் தேடிப் புடின்னு உங்க மகன் சொல்லி வச்சிருக்காரு. வருசக்கணக்கா கல்யாணப் பொண்ணு கண்ணைத் தேடியே பழகுனது."

"அந்தக் கண்மாய்ல எந்தக் கல்யாணப் பொண்ணு நின்னா?"

ஒரு படத்தைப் பெரிதாக்கி என் பக்கம் திருப்பினார். "இந்தா நிக்கிறா பாருங்க, மை தீட்டிக்கிட்டு."

முன்னால் நிற்கும் முதல் குதிரை. திருவிழாவுக்கு வெள்ளையடித்து, கறுப்பு மையால் கண் எழுதியிருந்தார்கள். அந்தக் கண்ணில் தூரிகை போன தடம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. பறவை அதற்குப் பின்னால் மூன்றாவது குதிரையின் மேல், மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு தடவையும் கேமரா சாமிக் குதிரையின் கண்ணைத்தான் பிடித்திருக்கிறது.

மெனுவில் மனிதன் என்று இருந்ததைப் பாய் பறவை என்று மாற்றினார். அப்படி மாற்றினாலும் எழுதின கண்ணைக் கண்டால் சில நேரம் அங்கே தாவத்தான் செய்யுமாம். அதனால் பறவை உட்கார்ந்திருக்கும்போது கண் தேடுவதை நிறுத்திவிட்டு, ஆகச் சின்ன ஃபோகஸ் கட்டத்தை நாமே பறவை மேல் வைக்க வேண்டும். ஃபோகஸைப் பின்பக்கப் பட்டனுக்கு மாற்றித் தந்தார். கட்டைவிரல் அமுக்கினால் தேடும், எடுத்தால் பிடித்த இடத்திலேயே நிற்கும். மெனு முழுக்க இங்கிலீஷ். நான் ஐந்தாம் வகுப்பு. கீழே நாலு, வலப்பக்கம் ரெண்டு, மறுபடி கீழே ஒன்று என்று எண்ணி மனதில் ஏற்றிக்கொண்டேன். உங்கள் கேமராவில் எண்ணிக்கை வேறாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை 5.10க்குத் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இருபத்து நாலு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். கண்மாய்க்குச் சாலை பிரியும் விலக்கில் இறங்கி டீ குடித்தேன், பன்னிரண்டு ரூபாய். அங்கிருந்து கண்மாய்க்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோ எண்பது ரூபாய். அந்த நேரத்தில் ஆரோக்கியத்தின் ஆட்டோ ஒன்றுதான் நிற்கும். அவன் வண்டியில் ஏறக் கூடாது என்றிருந்தேன். மார்கழியில் பறவை கண்ணுக்கு எதிரே இருக்கும்போது ஹாரன் அடித்தவன் அவன்.

"இன்னும் கோவமாம்மா? ரெண்டு மாசம் ஆச்சே."

"அறுபத்து மூணு நாளு."

"மாடு குறுக்க வந்துச்சும்மா, நான் என்ன செய்ய?"

"மாடு இல்ல அப்பு. எருமை."

அவன் சிரித்துக்கொண்டே இறங்கி, ஹாரன் ஒயரைப் பிடுங்கி என் கையில் கொடுத்தான். "நீங்களே வச்சுக்கங்க. திரும்பி வரும்போது தாங்க."

கண்மாயில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. அதன் மேல் பனி படுத்திருந்தது. கருவேல மரங்களுக்கு அடிமரம் இல்லை, தலை மட்டும் மிதந்தன. தூரத்தில் சிறுமலை இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் கூடுதல் நீலம் தெரிந்தது, அவ்வளவுதான். குதிரைகள் ஒவ்வொன்றாகப் பனிக்குள்ளிருந்து வெளியே வந்தன. முதலில் கண், அப்புறம் முகம், அப்புறம் கழுத்து. நான் நடந்து போகிறேனா, அவை என்னை நோக்கி வருகின்றனவா என்று ஒரு நிமிடம் தெரியவில்லை. எங்கோ ஆட்டு மணி கேட்டது. ஆட்டைக் காணோம்.

இருபது மீட்டர் தள்ளி மடக்கு நாற்காலியைப் போட்டு, ஒற்றைக்கால் ஸ்டாண்டில் கேமராவை வைத்தேன். 6.35க்கு பனங்காடை வந்து மூன்றாவது குதிரையின் மேல் உட்கார்ந்தது. சின்னக் கட்டத்தை அதன் நெஞ்சில் வைத்து அமுக்கினேன். லென்ஸ் முன்னும் பின்னும் ஓடியது, பிடிக்கவில்லை. பனியில் எல்லாம் ஒரே சாம்பலாக இருந்தால் கேமரா எதைத்தான் பிடிக்கும்? லென்ஸின் பக்கத்தில் கிட்டத்துத் தூரங்களைத் தேடாமல் தடுக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு. அதைத் தள்ளிவிட்டேன், ஓட்டம் குறைந்தது. அதற்குள் பறவை கீழே குதித்து ஒரு வெட்டுக்கிளியோடு முள்ளுக்குள் போய்விட்டது.

பனங்காடைக்கு ஒரு பழக்கம் உண்டு. இரை பிடிக்கத் தரைக்கு இறங்கினால், பெரும்பாலும் எழுந்து வந்த இடத்துக்கே திரும்பும். அதனால் அது இல்லாதபோதே அந்த இடத்தைப் பிடித்து வைத்துவிடலாம் என்று நினைத்தேன். கட்டத்தைக் காலியாக இருந்த குதிரைக் காதின் மேல் வைத்தேன். வெயில் அப்போதுதான் அங்கே விழுந்தது. கட்டைவிரலை அமுக்கினேன். காது தெளிந்தது.

அது காது இல்லை. மொட்டையாக, தட்டையாக, உடைந்துபோன ஓர் அடித்துண்டு. மற்ற குதிரைகளின் காதுகள் எல்லாம் கூராக நின்றன. அந்தப் பழைய குதிரை எப்போதோ மண்ணோடு மண்ணாகியிருக்கும் என்று நினைத்திருந்தேன். வெள்ளையடித்து வெள்ளையடித்து ஐந்தும் ஒன்றுபோலத் தெரிந்ததில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. நான் எப்போதும் பறவையைத்தான் பார்த்தேன், காதைப் பார்த்ததில்லை. அன்று என் தம்பி எறிந்த கல் ஒரு பறவைக்கு உட்கார இடம் செய்து வைத்திருக்கிறது. அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் இத்தனை வருடமும் அங்கே உட்கார்ந்து கண்மாயைப் பார்த்திருக்கும். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது.

கட்டைவிரலை எடுத்துவிட்டிருந்தேன், அது மட்டும் நினைவிருக்கிறது. 7.20க்கு நீலம் கீழேயிருந்து எழுந்து வந்தது. சிறகு முழுக்க விரிந்து, கால் நீண்டு, காதைத் தொடப்போகும் நேரத்தில் படம் எடுக்கும் பட்டனை அமுக்கினேன். ஷட்டரை ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்காக வைத்திருந்தேன். பதினாலு படம். ஆறில் பறவையின் கண் தெளிவு, சிறகின் நீலம் தெளிவு, உடைந்த காதும் தெளிவு.

எட்டரைக்கு மேல் கண்மாயின் காய்ந்த பாதியிலிருந்து வெக்கை எழும்பி, குதிரைகள் தண்ணீருக்குள் நிற்பதுபோல நெளிந்தன. அதற்குப் பிறகு எந்த கேமராவாலும் தெளிவாகப் பிடிக்க முடியாது. மூடி வைத்துவிட்டேன். போகிறவர்கள் விடியும்போது போங்கள், எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் கேமரா எதைத் தேடும்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள், அடுத்தவர் கையிலிருந்து வந்ததென்றால் கட்டாயம் பாருங்கள். பறவை உட்கார்ந்திருந்தால் சின்னக் கட்டம், வெறும் வானத்தில் பறந்தால் பெரிய கட்டமும் பறவைத் தேடலும். கோயில் பக்கம் செருப்போடு போகாதீர்கள். தண்ணீரும் தின்பண்டமும் கொண்டுபோங்கள், அங்கே கடை இல்லை.

ஆரோக்கியத்திடம் ஹாரன் ஒயரைத் திருப்பிக் கொடுத்தேன். எருமைக் கணக்கைத் தள்ளிவிட்டேன் என்றும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து ஒரு படத்தை மட்டும் வாட்ஸப்பில் போட்டேன். எதுவும் எழுதவில்லை. மகன் சாயங்காலம் வந்து, கூடுதலாக ஒரு பேட்டரியை மேசையில் வைத்துவிட்டுப் போனான். அவன் போனதும் தம்பி போனில் கூப்பிட்டான்.

"படத்தைப் பாத்தேன்க்கா. பனங்காடைதான்."

"அப்புறம்?"

 

"காதையும் பாத்தேன். நான் குருவியைத்தான்க்கா குறி வச்சேன். குதிரையை இல்ல."

"தெரியும்டா. என் கேமராவும் அதைத்தான் பண்ணுச்சு."

"ஏழு அடியா வாங்குன?"

"ஏழு."

"அடுத்த தடவை நானும் கூட வாரேன்."

"வா," என்றேன். "சட்டைப் பையை எங்கிட்ட காட்டிட்டு பஸ்ஸுல ஏறு."