பாணி பதத்தில் ஓர் உருளை

எனக்கு எழுபத்தெட்டு வயது. தொதல் என்ற இனிப்பைக் கிண்டி விற்றே ஏழு பிள்ளைகளை ஆளாக்கினேன். எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன், அவசரமில்லை.

பாலாவியில் எங்கள் பக்கத்துக் கொட்டிலுக்கு, காலால் மிதிக்கும் பழைய அச்சு மெசின் ஒன்றோடு ஒரு மனிதர் வந்தார். மெலிந்த உடம்பு, இடுப்பில் மை படிந்த சாரம். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, இரும்பில் காதை வைத்துக் கண்மூடிக் கேட்பார். மை பூசும் உருளைதான் அவருக்குச் சரிவரவில்லை. பழைய முறைப்படி தோல்பசையும் பனம்பாணி என்ற பாகும் காய்ச்சி வார்த்தார். இரண்டு தரமும் வெயிலில் இளகிப்போனது. மூன்றாவதும் பிழையாய்ப் போனால் மெசினைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

சட்டியை எட்டிப் பார்த்தேன்.

“என்ன தோல்ல காய்ச்சின பசை மகன்?”

“மாட்டுத்தோல்தான் உம்மா. திங்கவா போறோம்?”

“திங்கவும் ஏலாது. பாணி தண்ணியா இரிக்கு. முதல்ல பாணியத் தனியா வத்தவிடுங்க. தண்ணில சொட்டு விட்டா உருண்டை திரளணும். பொறகு பசையப் போடுங்க.”

அகப்பையை என் கையில் தந்தார்.

அந்த உருளை இளகவில்லை. முதல் தாளை எனக்கே தந்தார். ‘பதம் பார்த்தவர் பக்கத்து வீட்டு உம்மா’ என்றிருந்தது. நான் எழுத்துக்கூட்டி முடிக்கும்வரை, மெசினில் காதை வைத்தபடி நின்றார்.

ஏழு பிள்ளைகளின் கலியாணக் கார்டுகளிலும் அவர்களின் வாப்பா பெயர்தான் இருந்தது. என்னை அச்சில் ஏற்றியவர் என் பெயரைக் கேட்கவில்லை; நானும் அவர் பெயரைக் கேட்கவில்லை. ஏனென்று இன்றும் யோசிக்கிறேன்.

இந்தா பேத்தி, நான் எழுதின இத வாசிச்சுக் காட்டு. அந்தத் தாள்ல உள்ளத மட்டும் ரெண்டு தரம் வாசி.