பிராணிகளுக்கு ஒரு பரீட்சை மேற்பார்வையாளர்

தொலைக்காட்சியில் வாரந்தோறும் ஒரு விளையாட்டு நிகழ்ச்சி வருகிறது. வளர்ப்புப் பிராணிகளும் அவற்றின் எஜமானர்களும் சோடி சோடியாகப் போட்டி போடுகிறார்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் பிராணியைப் பார்ப்பார்கள். நான் எஜமானரின் கைகளைப் பார்ப்பேன். பையில் பிஸ்கட் இருக்கிறதா, சுண்டுவிரல் எதற்காக அசைகிறது என்று பார்ப்பேன்.

"ஒரு நாயக்கூட அஞ்சு நிமிசம் நம்ப முடியாதா உங்களால?" என்று மனைவி கேட்பாள்.

முடியாது. நான் ஒரு காலத்தில் நாய்களை உத்தியோகபூர்வமாகச் சந்தேகித்தவன்.

எழுபதுகளின் தொடக்கம். மாத்தளையில் ஒரு பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்திருக்கவில்லை. வானொலிப் போட்டிகளைக் கேட்டு ஊர் மயங்கிக் கிடந்த நேரம். ஆய்வுகூடத்துக்குக் கூரை போடுவதற்காக, அதேபோல ஒரு போட்டியை எங்கள் மண்டபத்திலேயே நடத்துவது என்று ஆசிரியர்கள் தீர்மானித்தார்கள். மணி அடிப்பதற்கு ஒருவர், ஒலிவாங்கி பிடிப்பதற்கு ஒருவர், மனிதர்கள் போட்டியிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பதால் பிராணிகள்.

மேற்பார்வையாளனாக என்னைப் போட்டதற்குக் காரணம் இருந்தது. பரீட்சை மண்டபத்தில் ஒரு மாணவன் மூன்று முறை தும்மியதை, மூன்றாம் வினாவுக்கான சைகை என்று அறிக்கை எழுதி அனுப்பியவன் நான். அவனுக்கு உண்மையிலேயே தடிமன் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்காக நான் அறிக்கையைத் திரும்பப் பெறவில்லை.

போட்டி விதிகளை நானே எழுதினேன். பிராணியை மண்டபத்தின் பின்பக்கம் நிறுத்துவது. மேடையில் மூன்று பேர்: எஜமானர் ஒருவர், சபையிலிருந்து நான் தெரிவுசெய்யும் இருவர். மணி அடித்ததும் மூவரும் ஒரே நேரத்தில் கூப்பிட வேண்டும். பிராணி எஜமானரிடம் போனால் வெற்றி. தீன் காட்டக்கூடாது. மேடை ஏறுமுன் எல்லாரையும் பரிசோதித்தேன்.

கடைவீதியில் மசாலாச் சரக்கு விற்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் ஒரு கொழுத்த பூனையோடு வந்திருந்தார். அவருடைய சட்டைப் பையில் நெத்தலிக் கருவாடு அகப்பட்டது.

"இது நான் திங்கிறதுக்கு மாஸ்டர்."

"பச்சையாகவா?"

"யா அல்லாஹ்! பூன கொப்பியடிக்கும்னு நெனக்கிற ஒரே மனிசன் நீங்கதான்" என்றார். கருவாட்டைப் பறித்து மேசை இலாச்சியில் போட்டுப் பூட்டினேன். ஆனாலும் பூனை நேரே அவரிடமே போயிற்று. கருவாட்டு மணம் சட்டையில் இருந்திருக்கும் என்று குறித்துக்கொண்டேன்.

கடைசிப் போட்டியாளர் எல்கடுவப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு செவலை நாயோடு நடந்தே வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஐயா, கூப்புடுற ரெண்டு பேருல அந்தப் பச்சச் சேலக்காரப் புள்ளய ஒரு ஆளாப் போட்டுருங்களேன்."

எனக்குள் மணி அடித்தது. உள்ளாள்! அவள் வாய்க்குள் முணுமுணுப்பாள், இவர் உரக்கக் கூப்பிடுவார், நாய் இவரிடம் வரும். சாதாரண மேற்பார்வையாளனாக இருந்தால் மறுத்திருப்பான். நான் கெட்டிக்காரன். கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று சம்மதித்தேன்.

மேடைக்கு வந்த அவளுடைய முந்தானையில் ஒரு முடிச்சு. அவிழ்க்கச் சொன்னேன். ரொட்டித் துண்டு. அதையும் இலாச்சியில் போட்டேன். அவள் அந்த ஆளைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். எனக்கு மகா திருப்தி.

மணி அடித்தது. நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக நடந்தது. அவள் தொண்டை கிழியக் கூப்பிட்டாள்: "வாடா! இங்க வாடா ராசா!" எஜமானரின் வாய் மட்டும் அசைந்தது. சத்தமே வரவில்லை. நாய் பாய்ந்து வந்து, அவளைக் கடந்து, அவருடைய பாதத்தில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

சபை எழுந்து கைதட்டியது. ஒலிவாங்கிக்காரர் முதற்பரிசு என்று கத்தினார். வென்ற மனிதரோ பெயிலான மாணவனைப்போல நின்றார்.

திரைக்குப் பின்னால் அவரைப் பிடித்தேன். "சத்தமில்லாமல் வாயசைத்தீர்கள். ரொட்டி அவளிடம் இருந்தது. அப்படியென்றால் நாய் அவளிடம் போக வேண்டும், நீங்கள் தோற்க வேண்டும். யார் ஏவிவிட்டது? பூனைக்காரரா?"

"ஏவுனது கவுருமெண்டுதாங்க" என்று சட்டைப் பையிலிருந்து பாஸ்போட்டை எடுத்துக் காட்டினார். "நாளக்கழிச்சி ரயிலுங்க. தலமன்னாரு போயி கப்பல்ல இந்தியாவுக்கு. ரெண்டு கவுருமெண்டும் போட்ட ஒப்பந்தத்துல எங்கள அனுப்புறாங்க. பாஸ்போட்டு எங்களுக்குத்தான் வந்துச்சி, நாய்க்கு வரலீங்க. அந்தப் புள்ள என் தங்கச்சி. நாவுல ஊருல கட்டிக்குடுத்தோம். அவளுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிம."

பாஸ்போட்டை வாங்கி, படத்தைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன். பரீட்சை அனுமதி அட்டை பார்த்துப் பழகிய கண். ஆள் அவர்தான்.

"அப்படியே அவளிடம் கொடுத்திருக்கலாமே?"

"மூணு வீட்டுல குடுத்துப் பாத்தேங்க. கயித்தக் கடிச்சிப்புட்டு வந்துருது. நா போனப்பறம் வந்துச்சின்னா லயத்து வீட்டுல யாருங்க இருக்கா? பூட்டுன கதவுகிட்டயே கெடந்து செத்துரும். நா நிக்கயிலயே தன்னால அவகிட்ட போயிருச்சின்னா, அதுக்குப் பொறவு தேடி வராதுங்க. அதுக்குத்தான் இந்தப் போட்டி." பாஸ்போட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு சொன்னார்: "அது அவகிட்ட போகப் போறப்ப அந்த ரொட்டிய எடுத்துட்டீங்களே ஐயா."

நாய்கள் இப்படிக் கணக்குப் பார்க்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஆனாலும் மேடைக்குப் போய், எஜமானர் விதிப்படி உரக்கக் கூப்பிடாததால் மீண்டும் நடத்தப்படும் என்று அறிவித்தேன். அதுவரை நேர்மை. பிறகு இலாச்சியைத் திறந்து, சபை பார்க்க, ரொட்டியை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன்.

"மாஸ்டர்!" வியாபாரி எழுந்துவிட்டார். "ஏண்ட பூனக்கி நெத்தலி ஹராம், நாய்க்கி மட்டும் ரொட்டி ஹலாலா?"

மண்டபம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து யாரோ "எவ்வளவு வாங்கினீங்க சேர்?" என்றார்கள். நான் விதிகள் எழுதிய தாளை மடித்துப் பையில் போட்டுவிட்டு, மணி அடிப்பவருக்குக் கைகாட்டினேன்.

இரண்டாம் முறை அவர் சபைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கையை வாயருகே குவித்து, மேடையின் பின்சுவரைப் பார்த்து "வா வா" என்றார். கூப்பிட்ட கணக்கு. நாய் மெதுவாக வந்தது. அவருடைய குதிகாலை மோந்தது. அவர் திரும்பவில்லை. மற்றப் பக்கமாகப் போய் முகத்தைப் பார்க்க முயன்றது. அவர் இன்னும் கொஞ்சம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கேயே நின்றது. தங்கை கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, ரொட்டியை நீட்டியபடி தரையில் குந்திவிட்டாள். வெகுநேரம் கழித்து நாய் அவளிடம் போய் ரொட்டியைக் கவ்வியது. தின்னாமல் வாயில் வைத்துக்கொண்டே படுத்தது.

"தோல்வி!" என்றார் ஒலிவாங்கிக்காரர். முதற்பரிசு பூனைக்குப் போனது. நான் பூனைக்காரரிடம் எதையோ வாங்கிக்கொண்டுதான் நாயைக் கவிழ்த்தேன் என்று ஊர் முடிவுகட்டியது. வியாபாரியே அப்படி நம்பினார்போல. அதன்பிறகு கடைக்குப் போனால் கதிரை போட்டு உட்காரவைப்பார். அந்தக் கதிரையில் உட்கார்ந்து பட்ட பாட்டை எந்த மாணவனும் என் மண்டபத்தில் பட்டிருக்கமாட்டான்.

சனம் கலைந்தபின் மண்டபத்தைப் பூட்ட வந்தேன். அந்தப் பெண் வாசலில் நாயின் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். சந்தைக்கு மரக்கறி ஏற்றிவந்த நாவுல லொறி திரும்பும்போது ஏறிப்போவதாக ஏற்பாடு. அண்ணன் சொல்லாமலே பின்வாசலால் போயிருந்தார். நாய் வீதிப்பக்கம் இழுத்தது.

"ஐயா, எல்கடுவ பஸ்ஸு போயிருச்சாங்களா?"

பாடசாலைக் கேற்றடிக்குப் போய்ப் பார்த்தேன். பஸ் உறுமியபடி நின்றது. அவர் இந்தப் பக்கம் தெரியாத சீட்டில், குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் இல்லை. கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்."

"ஒத்தையாளா முடியலீங்க."

சாவிக்கொத்தைப் பையில் போட்டுவிட்டு, நானும் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.