என் மச்சானும் ஓட்டையும்

என் மனைவியின் அண்ணன் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபத்துக்குப் போகிற சாலையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அறுபதாம் வருஷத்துக்கு முன்னே பின்னே இருக்கும். மூன்று வாடகை சைக்கிள், ஒரு பம்பு, ஒரு தகர பேசின். பேசின் தண்ணீர் எப்போதும் டீத்தண்ணி நிறத்தில்தான் இருக்கும். பஞ்சர் ஒட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிற இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடிப்பார். திருச்சி டவுனிலிருந்தெல்லாம் பாலம் தாண்டித் தள்ளிக்கொண்டு வருவார்கள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். நல்ல மனுஷன். அவரைக் கெடுத்தது ஒரு ரிட்டயர்டு வாத்தியார்.

வாத்தியார் தினம் சாயங்காலம் படித்துறைக்குப் போகிறவர். ஒருநாள் சக்கரத்தில் முள் குத்தி, கடையில் வந்து நின்றார். நின்றவர் சும்மா நின்றிருக்கலாம்.

"ஓட்டை கெடச்சுதா?" என்று கேட்டார்.

"இதோ இருக்கு சாமி."

"என்னப்பா இருக்கு? அந்த இடத்துல ரப்பர் இல்லை, அவ்வளவுதானே? இல்லாததைப் போய் இருக்குங்கறியே."

வாத்தியார் பஞ்சர் ஒட்டிக்கொண்டு போய்விட்டார். கேள்வி கடையிலேயே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு மச்சான் டியூபைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். வெயிலில் நிற்கிறவன், "அண்ணே, ஆபீசுக்கு நேரமாச்சு" என்பான். "இருப்பா, மொதல்ல இது இருக்கா இல்லையான்னு பாக்கணும்" என்பார். நான் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவன். வெங்காய மூட்டை முதுகில் ஏறும்போது அது இருக்கிறதா என்று எவனும் கேட்கமாட்டான். சின்ன வெங்காயம் ஒரு மாதிரி கனக்கும், பெரிய வெங்காயம் வேறு மாதிரி கனக்கும். அதைச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போய்விடும். நான் பள்ளிக்கூடப் பக்கம் போகாதவன். நான் சொல்லச் சொல்ல என் மூத்த மகள் எழுதுகிறாள். விஷயமே அவள் காதைப் பற்றியதுதான்.

எங்களில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அதுவும் ஒற்றைப்படை வயதில். அப்போது இவளுக்கு மூன்று முடியப் போகிறது. நாலில் குத்தக் கூடாது. ஐந்து வரைக்கும் பிள்ளையை மூளிக் காதோடு விட என் மனைவிக்கு மனசில்லை. அவளுக்கு இருந்ததோ ஒரே அண்ணன். இரண்டு தடவை நாள் குறித்தோம். முதல் தடவை ஆள் வரவேயில்லை. இரண்டாம் தடவையும் வராமல் போக, நான் கடைக்கே போய்க் கேட்டேன்.

"மாப்ள, ஓட்டை இருக்குன்னும் சொல்ல முடியல, இல்லேன்னும் சொல்ல முடியல. அந்த மாதிரி ஒண்ணை வலிக்க வலிக்கப் பச்சப்புள்ள காதுல போடுறதுக்கு நான் எப்படி மடி குடுப்பேன்?"

"உங்க தங்கச்சி காதுல என்ன இருக்கு?"

"தோடு."

"தோடு எதுல தொங்குது?"

"அதைத்தான் மாப்ள நானும் கேக்குறேன்."

டவுன் பஸ்ஸில் திரும்பும்போது பாலம் முடிகிறவரை மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

பிறந்தநாளுக்கு முன்னால் ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான் மிச்சம். என் மனைவி சொல்லி அனுப்பினாள்: "இந்தத் தடவையும் வரலேன்னா, எம்பொண்ணுக்கு மாமன் இல்லேன்னு ஊருக்குச் சொல்லிடுறேன். அப்புறம், தான் இருக்கமா இல்லையான்னு அண்ணன் உக்காந்து யோசிக்கட்டும்."

உறையூரில் கூரையில்லாத அம்மன் கோயிலில் ஏற்பாடு. இருபது பேர் வந்திருந்தார்கள். ஆசாரி பலகை போட்டு, தங்கக் கம்பியை எடுத்து வைத்துவிட்டார். பத்தரைக்கு ராகுகாலம். பத்து மணி தாண்டி, மச்சான் வியர்க்க விறுவிறுக்க சைக்கிளில் வந்து இறங்கினார். தட்டு, பழம், பட்டுப் பாவாடை எல்லாம் முறையாக வாங்கி வந்திருந்தார். எனக்கு உயிர் வந்தது. பலகைக்கு முன்னால் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"உக்காருங்க மச்சான்."

"ஒரே ஒரு சந்தேகம் மாப்ள. பாலத்துல வரும்போதுதான் தோணுச்சு. மடி மடிங்கிறீங்க. உக்காந்தா இருக்கு. எந்திரிச்சா எங்க போகுது?"

ஆசாரி என் பக்கம் சாய்ந்து, "இவருக்கு வெயில் ஒத்துக்காதுங்களா?" என்றார்.

"இப்ப நான் நிக்கிறேன். இல்லாத மடியில புள்ளைய எப்படி வைப்பீங்க?"

தோளைப் பிடித்து அமுக்கிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் என் மனைவி, பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே சொன்னாள்.

"அண்ணே, நீ உக்காரு. அது வரும்."

மச்சான் அவளையே பார்த்தார். அடுத்த கேள்வி வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. உட்கார்ந்தார். மடி வந்தது. பிள்ளையை வைத்தோம். ஆசாரி இரண்டு காதிலும் குத்தி முடித்தார். இவள் போட்ட சத்தத்தில் மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சட்டையை இறுக்கிப் பிடித்தவள், அழுது அழுது அப்படியே தூங்கிப்போனாள்.

"சாப்பாடு ரெடியா இருக்கு, எந்திரிங்க மச்சான்."

"எந்திரிச்சா போயிடும் மாப்ள."

"என்ன போயிடும்?"

"புள்ள தூங்குதுல்ல."

வந்தவர்கள் பசி தாங்காமல் வீட்டுக்குச் சாப்பிடக் கிளம்பிவிட்டார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொள்கிறேன் என்ற என் மனைவியையும், முழித்துக்கொள்வாள் என்று மச்சான் பரிமாற அனுப்பிவிட்டார். நிழல் நகர்ந்து வெயில் நேராக இறங்கியது. அப்பளம் நமத்துப்போயிருக்கும், ரசம் ஆறியிருக்கும் என்று நினைக்க நினைக்க எனக்கு எரிந்தது. யாரிடமோ ஒரு குடை வாங்கி, இரண்டு பேருக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் விழித்தபோது மணி ஒன்று. மச்சானுக்குக் கால் மரத்துவிட்டது. கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். எழுந்ததும் குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார்.

"பாத்தீங்களா மாப்ள, இல்ல."

"பசிக்குது, வாங்க" என்று குடையை மடக்கினேன்.