சேஃப்டி பிடிக்காத துப்பாக்கி

தேர்தல் முடிந்ததும், ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்த துப்பாக்கியை என் வீட்டுக்காரர் திரும்ப வாங்கி வந்தார். பட்டாளத்தில் இருந்தவர்; துப்பாக்கி லைசன்ஸ் உள்ள இரட்டைக்குழல். கும்மிடிப்பூண்டிப் பக்கம் பணம் கொண்டுபோகும் வண்டிக்குக் காவல் ஆள் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்த மனுஷன் அன்றைக்குத்தான் சிரித்த முகமாக இருந்தார்.

துப்பாக்கி வீட்டுக்குள் வந்தால் எங்களுக்கு ஒரு முறை உண்டு. தோட்டாக்கள் உள்ளறை பீரோவில்; சாவி என் இடுப்பில். குழல் எப்போதும் மூலையிலிருக்கும் மணல் மூட்டையைத்தான் பார்க்கும். அவர் திறந்து பார்த்த பிறகு நானும் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவி, "காலி" என்று சொல்ல வேண்டும். அடுப்பில் குழம்பு தீய்ந்தாலும் வந்தாக வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றும் சொன்னேன். மருந்தில்லாத டம்மி தோட்டாவைப் போட்டு மூடி, தவறி வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டியைப் போட்டுவிட்டு விசையை இழுத்தார். சேஃப்டி போட்டிருந்தால் விசை அசையக் கூடாது. 'டக்' என்றது. திறந்து மூடி மறுபடி இழுத்தார். மறுபடியும் 'டக்'.

"சேஃப்டி பிடிக்கல மே. இத்தத் தூக்கிக்கினு போவ முடியாது."

"நீ இன்னா சுடவா போற? தோள்ல மாட்டிக்கினு குந்தப் போற. எவனுக்குத் தெரியப் போவுது?"

"வண்டி குலுங்குறப்ப பக்கத்துல நாலு பேரு குந்திக்கினு வருவாங்க. அவுங்க ஊட்லயும் உன்ன மாரி ஒருத்தி இருப்பா."

அவர் சொன்னது நியாயந்தான். கோபம் மட்டும் போகவில்லை. அவர் அந்த வண்டிக் கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னார். "ரிப்பேர் பண்ணிட்டு சொல்லு, அப்பால பாக்கலாம்" என்று பதில் வந்தது. போச்சு, இந்த வேலையும் போச்சு என்று அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

சென்னையில் துப்பாக்கி பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோய்ச் சரி செய்து வந்தார். அவர் உறையைப் பிரிக்கும்போதே, கூப்பிடாமலே, அடுப்பை அணைத்துவிட்டுப் போய் நின்றேன். விரலை விட்டுப் பார்த்துச் சொன்னேன், "காலி."

விசையை இழுத்தார். சத்தமில்லை. திறந்து மூடி மறுபடி இழுத்தார். இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"போனப் போடுயா," என்றேன். போட்டார். நாளைக்கே வரச் சொன்னார்கள்.

"நாஷ்டாவுக்கு இன்னா கட்டட்டும்?"

துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "எதுனா கட்டு. அந்த நாலு பேருக்கும் சேத்துக் கட்டு."