மெர்ல் டாகெட்டின் வருகைப் பதிவேடு

மெர்ல் டாகெட்டோடு பதினோரு வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தேன். அதில் ஒரு நாள்கூட அந்த ஆளை நான் மதித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஒருதலைப்பட்சமாகப் பேசினேன் என்று யாரும் குறைப்பட வேண்டாம்.

ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், எங்கள் ஊர் மாலில், அவர் முதலில் ஒரு செருப்புக் கடைக்கு மேனேஜராக இருந்தார். கடை நொடித்தது. அதே இடத்துக்கு அழகுக்கலைப் பள்ளி வந்தது. சுவரில் இருந்த ஷெல்ஃபுகளை அவர்கள் கழற்றவில்லை, மெர்லையும் கழற்றவில்லை. ஷெல்ஃபுகளில் முடி வெட்டிப் பழகும் பொம்மைத் தலைகளை வைத்தார்கள், மெர்லை நிதி உதவி அதிகாரி என்ற பலகைக்குப் பின்னால் வைத்தார்கள். கடைசிவரை அந்த மனிதருக்குச் செருப்புக் கடைப் புத்தி போகவில்லை. யார் வந்தாலும் முதலில் காலைப் பார்ப்பார். செருப்பு தேய்ந்திருந்தால் முகம் மலரும். தேய்ந்த செருப்போடு வருகிற பெண்ணுக்கு அரசாங்க உதவி முழுசாகக் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

நான் அங்கே முடி வெட்டக் கற்றுக்கொடுத்தேன். பெயர் லூ ஆன். மாணவிகளுக்கு மிஸ் லூ.

எங்களிடம் படிக்க வந்தவர்கள் யார் என்றால், கோழிக் கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்த்தவர்கள், புருஷனை விட்டு வந்தவர்கள், பெட்ரோல் பங்க் கல்லாவில் நின்று கால் வீங்கியவர்கள். கையில் பணம் கிடையாது. வாஷிங்டன் கொடுக்கும் உதவித்தொகையும் மாணவர் கடனும்தான் பள்ளிக்கு வரும் வரும்படி. அந்தப் பணத்துக்கு ஒரு சட்டம் உண்டு. பாதியில் ஒருத்தி நின்றுவிட்டால், அவள் இல்லாத நாட்களுக்கான பங்கைப் பள்ளி திருப்பி அனுப்ப வேண்டும். ஆனால் பாடத்தில் அறுபது சதவீத நாட்களைத் தாண்டிவிட்டு நின்றால் ஒரு சென்ட்கூடத் திருப்ப வேண்டியதில்லை.

மெர்ல் தன் வாழ்நாளில் ஊன்றிப் படித்தது அந்த ஒரு சட்டம்தான்.

அவர் அறையில் ஒரு பெரிய காலண்டர் இருந்தது. ஒவ்வொரு பெண்ணும் அறுபது சதவீதத்தைத் தாண்டுகிற நாளில் மஞ்சள் நட்சத்திரம் ஒட்டிப் பெயர் எழுதியிருப்பார். பிறந்தநாள் என்று பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். ஒருமுறை எல்லோரும் காசு போட்டு, நட்சத்திரத்தன்று டார்லாவுக்குக் கேக் வாங்கி வந்துவிட்டார்கள்.

“எனக்கு மே மாசம்தானேடி பிறந்தநாள்?” என்று டார்லா விழித்தாள்.

மெர்ல் கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

நட்சத்திரத்துக்கு முன்னால் ஒருத்தி வகுப்புக்கு வரவில்லையென்றால் அவர் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். போன் மேல் போன். “சாம்பியன்! இப்படி நடுவுல விட்டுட்டா எப்படி? உன் கனவு என்னாகிறது? பெட்ரோலுக்குக் காசு இல்லையா? நான் தரேன். வா, வந்து கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போ.” கண்ணில் தண்ணீர்கூட வரும். நட்சத்திரம் தாண்டிய மறுநாள் அதே பெண், “குழந்தையைப் பார்த்துக்க ஆள் இல்லை, ஒரு வாரம் லீவு வேணும்” என்று வந்து நின்றால், “உன் மனசு என்ன சொல்லுதோ அதைக் கேளு” என்று கதவைச் சாத்திக்கொள்வார். படிப்பை முடித்து உரிமத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. எத்தனை பேர் நட்சத்திரம் தாண்டினார்கள் என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்.

நான் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. இரண்டு முறை, வராத பெண்ணின் பயிற்சித் தாளில் என் இனிஷியலைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். “ஒரே ஒரு நாள்தான் லூ ஆன், ஒரே நாள்” என்று கெஞ்சினார். எனக்கும் வீட்டுக் கடன் இருந்தது. போட்டேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் இரண்டு தடவை கை கழுவினேன். கழுவி என்ன பயன்?

மிஸ்டி ரக்கர் வந்தது ஒரு பிப்ரவரியில். இருபத்தாறு வயது, முன்பல் ஒன்று கொஞ்சம் உடைந்திருக்கும், வாய் ஓயாது. ஆனால் கை! பின்னல் போடுவதில் அந்த மாதிரி விரலை நான் பார்த்ததில்லை. அவள் வேலையைப் பார்க்க மற்ற பெண்கள் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வந்து நிற்பார்கள்.

ஏழாவது வாரம் செவ்வாய்க்கிழமையோடு மிஸ்டி நின்றுபோனாள். அபராதம் கட்டாததால் அவளுடைய ஓட்டுநர் உரிமத்தை முடக்கியிருந்தார்கள். எங்கள் ஊரில் பஸ் கிடையாது. உரிமம் இல்லாமல் பள்ளிக்கு வண்டி ஓட்டி வந்து மூன்றாவது முறை பிடிபட்டாள். நீதிபதி முப்பது நாள் சிறை போட்டார். மாவட்டச் சிறையிலிருந்து அவள் முதலில் கூப்பிட்டது தன் அம்மாவை, அடுத்து மெர்லை.

“மிஸ்டர் டாகெட், நான் ஒரு மாசம் உள்ள இருக்கணும். படிப்பை நிறுத்திடுங்க. வெளியே வந்து பார்க்கலாம்.”

“கவலையே படாத சாம்பியன். எல்லாத்தையும் நான் பார்த்துக்கிறேன்” என்றார் மெர்ல்.

பார்த்துக்கொண்டார். அவளுடைய நட்சத்திரத்துக்கு இன்னும் இரண்டரை வாரம்தான் இருந்தது.

மிஸ்டி வெளியே வந்தாள். முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் வேலை கிடைத்தது. பள்ளிப் பக்கம் வரவில்லை. இலையுதிர் காலத்தில், கடன் கம்பெனியிடமிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. கடன் நாலாயிரத்து ஐந்நூறு டாலர், முழுசாக. படித்தது ஆறரை வாரம், கடன் மட்டும் முழுத் தவணைக்கு எப்படி என்று கடிதத்தின் கீழே இருந்த எண்ணைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். அந்தப் பக்கத்திலிருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, “நீங்க ஏப்ரல் பதினெட்டு வரைக்கும் வகுப்புக்குப் போயிருக்கீங்களே மேடம்” என்றாளாம்.

மறுநாள் மதியம் மிஸ்டி நேராக மெர்லின் அறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டார்கள். மேசைமேல் வருகைப் பதிவேடு. கூடவே பயிற்சித் தாள்கள். மிஸ்டி ரக்கர், ஏப்ரல் மூன்று, லேயர் கட். ஏப்ரல் எட்டு, பின்னல். ஏப்ரல் பதினெட்டு, முடிச் சாயம். ஒவ்வொன்றுக்கும் எதிரே என் இனிஷியல்.

நான் போடாத இனிஷியல். எழுத்தைச் சரியாகப் பழகக்கூட அந்த மனிதருக்குச் சோம்பல். என் கையெழுத்தில் எல் எழுத்தின் கால் கீழே வளையும். இது குச்சி மாதிரி நின்றது.

மிஸ்டி தன் பைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் போட்டாள். மாவட்டச் சிறையின் முத்திரை.

“உள்ள காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஆள் எண்ணுவாங்க மிஸ்டர் டாகெட். இந்த ஊர்லயே ஏப்ரல் மாசம் எங்க இருந்தோம்னு எழுத்துல காட்டக்கூடிய ஒரே ஆள் நான்தான். நீங்க என்னன்னா நான் இங்க நின்னு முடிக்குச் சாயம் அடிச்சேங்கிறீங்க. ஷெரீஃப் கிட்டச் சொல்லவா, உங்க கைதி தப்பிச்சுப் போய் முடி வெட்டியிருக்கான்னு?”

நான் சிரித்துவிட்டேன். மெர்ல் என்னைப் பார்த்தார், “லூ ஆன், நீயாவது சொல்லேன்” என்பதுபோல்.

“இது என் கையெழுத்து இல்லை மெர்ல்” என்றேன்.

முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். இனி மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். பாவம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்துக்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

ஏனென்றால் மெர்ல் மெல்ல முன்னால் சாய்ந்து, குரலில் தேன் தடவிக்கொண்டு, “அது சரி சாம்பியன், உள்ள இருந்தப்போ யாருக்காவது பின்னல் போட்டியா?” என்று கேட்டார்.

மிஸ்டிக்குப் புரியவில்லை. “போட்டேனே. பாதி ஜெயிலுக்கு நான்தான் போட்டேன். கத்திரி, சீப்பு எதுவும் தரமாட்டாங்க. விரலாலேயே வகிடு எடுத்தேன்.”

“ஆங்!” என்று மெர்ல் மேசையைத் தட்டினார். “அப்போ அது பயிற்சிதானே? வெளி இடத்துப் பயிற்சின்னு நம்ம விதியிலேயே இருக்கு. நீ வகுப்புல இல்லைங்கிறது நிஜம். ஆனா கத்துக்கிட்டுதானே இருந்திருக்க! இதோ பார், இங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டா எல்லாம் சரியாப்போயிடும்.”

ஒரு புதுத் தாளை எடுத்தும்விட்டார். பேனா மூடியையும் கழற்றிவிட்டார். செருப்பு இரண்டு சைஸ் சிறியதாக இருந்தாலும் போகப் போகத் தளர்ந்துவிடும் என்று சொல்லி விற்ற அதே முகம்.

மிஸ்டி அந்தத் தாளை அவர் பக்கமே தள்ளினாள். “எங்க செல்லுல ஒருத்தி இருந்தா. செத்துப்போன அத்தை பேர்ல ரெண்டு வருஷம் பென்ஷன் செக் மாத்தினவ. உங்களைப் பார்த்தா அவ எவ்வளவோ தேவலை. மாட்டிக்கிட்ட அன்னிக்காவது வாயை மூடிக்கிட்டு இருந்தா.”

சிறைக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முதல் வேலையாகக் கல்வித் துறைக்குப் புகார் எழுதினாள். அதில் எழுத்துப் பிழைகள் நிறைய, விஷயப் பிழை ஒன்றுகூட இல்லை.

ஜனவரியில் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். என்னையும் உட்காரவைத்துக் கேட்டார்கள். மிஸ்டியின் தாளைப் பற்றிச் சொன்னேன். பிறகு, யாரும் கேட்காமலே, நான் போட்ட இரண்டு இனிஷியல்களைப் பற்றியும் சொன்னேன். என் அழகுக்கலை உரிமத்தை ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள். மெர்ல் போட்ட பொய்வருகை அந்த ஒரு வருடத்தில் மட்டும் பதினொரு பெண்களுக்கு என்று கண்டுபிடித்தார்கள். அவர் மற்ற அறையில் உட்கார்ந்து, தான் மாணவிகளைத் தன் மகள்கள்போல் நினைத்ததாகச் சொல்லி அழுதார். அவருக்கு மகள் கிடையாது. ஒரு பூனை உண்டு. அதுவும் பக்கத்து வீட்டில்தான் சாப்பிடும்.

மிஸ்டி விஷயத்தில், உதவித்தொகையும் கடனுமாகப் பள்ளி வாங்கியதில் ஏறக்குறைய நாலாயிரம் டாலரைத் திருப்பி அனுப்ப வேண்டும், அது முதலில் கடனில் கழியும் என்று உத்தரவு. அனுப்பினார்கள். அவளுடைய கடன் நாலாயிரத்து ஐந்நூறிலிருந்து ஐந்நூறு டாலராகக் குறைந்தது. எனக்கு போன் செய்து கத்தினாள்: “மிஸ் லூ! ஜெயிச்சுட்டேன்!”

மூன்றாவது வாரம் அவளுக்கு இன்னொரு கடிதம். பள்ளியிலிருந்து. ‘அரசு உதவி திருப்பி அனுப்பப்பட்டதால், தங்கள் கல்விக் கட்டணத்தில் நாலாயிரம் டாலர் நிலுவையில் உள்ளது.’ கீழே கையெழுத்து, இன்னும் வேலையில் இருந்த மெர்ல் டாகெட். ஓரத்தில் பேனாவால், ‘நல்வாழ்த்துகள், சாம்பியன்!’

இதுவும் சட்டப்படி செல்லும். பள்ளி வாஷிங்டனுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்; கொடுத்ததை மாணவியிடம் கேட்கலாம். மிஸ்டி அந்தக் கடிதத்தை என் சமையலறையில் வைத்துப் படித்தாள்.

“முன்னாடி கவர்மெண்டுக்குக் கடன்காரி. இப்போ இந்த ஆளுக்குக் கடன்காரி. இதுக்கா மிஸ் லூ நான் அவ்வளவு எழுதினேன்?”

காபி ஊற்றிக் கொடுத்தேன். அவள் அதைக் குடிக்காமலே போனாள்.

அரசாங்கம் பள்ளிக்கு முன்பணம் தருவதை நிறுத்தியது. புளோரிடாவில் இருந்த முதலாளிகள் ஒரு வெள்ளிக்கிழமை பூட்டுப் போட்டார்கள். அன்று படித்துக்கொண்டிருந்த பதினான்கு பேரில், தேர்வுக்கு மூன்று வாரமே இருந்த இரண்டு பேரும் உண்டு. அவர்கள் மெர்லைத் திட்டவில்லை, மிஸ்டியைத் திட்டினார்கள். மளிகைக் கடை வரிசையில் ஒருத்தி அவள் முகத்துக்கு நேராகவே, “உன்னாலதான்டி” என்றாள். அந்த நாலாயிரத்தை வசூலிக்க ஒரு கம்பெனி ஒன்றரை வருடம் மிஸ்டிக்கு போன் செய்தது. பிறகு ஏனோ விட்டுவிட்டது. அவள் இன்னும் முதியோர் இல்லத்தில்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருக்கும் கிழவிகளுக்குப் பின்னல் போடுகிறாள். அழகுக்கலை உரிமம் இல்லாததால் காசு வாங்குவதில்லை.

மெர்லுக்கு என்ன ஆனது? ஜெயிலா? அபராதமா? ஒன்றும் இல்லை. அரசு உதவி சம்பந்தப்பட்ட வேலை பார்க்கக் கூடாது என்று ஒரு தாள் கொடுத்தார்கள். இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆள் சேர்க்கிறார். அங்கே அரசு உதவி கிடையாது, சேரும்போதே ரொக்கம்.

நான் சூப்பர் மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சலூனில் வெட்டுகிறேன். ஊரிலேயே விலை குறைவு. அதனால் மாதம் ஒருமுறை மெர்ல் வருவார். யார் நாற்காலி காலியோ அங்கே உட்கார வேண்டும் என்பது எங்கள் கடை வழக்கம். போன மாதம் என் நாற்காலி.

துணியைக் கழுத்தில் கட்டினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“எத்தனை பொண்ணுங்களுக்கு வாழ்க்கை குடுத்தோம் லூ ஆன், நீயும் நானும்! அதை யார் நினைச்சுப் பார்க்கிறா?”

“தலையை ஆட்டாதீங்க மெர்ல்” என்றேன். “காது போயிடும்.”

அவர் ஆடாமல் உட்கார்ந்தார். ஒழுங்காகத்தான் வெட்டினேன். போகும்போது பன்னிரண்டு டாலருக்கு இருபது கொடுத்து, மீதி எட்டையும் எண்ணி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்ற ஒரு பையன் காலில் இருந்த ஷூவைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.