சிறுமலை பஸ்ஸும் எங்கள் அன்பியமும்

மலை வாழைப்பழமும் டீசலும் கலந்த ஒரு வாசனை உண்டு. திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்குள் அது நுழைந்தால், சிறுமலை பஸ்ஸை ஓட்டிவிட்டு அப்பா வந்துவிட்டார் என்று வாசலுக்கு ஓடுவேன். "எங்கப்பா ஸ்டியரிங்கத் தொட்டா மலையே வழிவிடும்" என்று ஐந்தாம் வகுப்பில் நான் அளந்துவிட்டது கொஞ்சநஞ்சமல்ல.

அந்த ஐப்பசி மழையில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பஸ்ஸின் பின்சக்கரம் சறுக்கி, சாலையோரக் கல்லில் முட்டி நின்றது. யாருக்கும் கீறல்கூட இல்லை, எல்லாம் அப்பாவின் சாமர்த்தியம் என்று ஊரே பாராட்டியது; ஆனால் மறுநாளிலிருந்து அவர் வேலைக்குக் கிளம்பும் முன் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பதைக் கதவிடுக்கில் பார்த்தேன். "படபடப்பு" என்று அம்மாவிடம் சொன்னார். "இந்த வாரத்தோட வேல வேண்டாம்னு எழுதிக் குடுத்துரலாம்னு இருக்கேன்" என்றும் சொன்னார். பயந்த டிரைவர் என்று பேரெடுத்தவர் வண்டியில் யார் ஏறுவார்கள்?

எங்கள் "அன்பியம்", அதாவது பக்கத்துத் தெருக்களின் கிறிஸ்தவக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கும் கூட்டம், அந்த வாரம் எங்கள் வீட்டில். செபமாலை முடிந்ததும் ஆளுக்கொரு மன்றாட்டு சொல்ல வேண்டும். ரோமிலிருக்கும் திருத்தந்தையில் தொடங்கி மழை, நாட்டுத் தலைவர்கள் என்று எல்லாருக்காகவும் வேண்டுவோமே தவிர, தன் வீட்டு மூட்டையை யாரும் அவிழ்ப்பதில்லை. என் முறை வந்தது. அம்மா மனப்பாடம் செய்வித்திருந்த பரீட்சை மன்றாட்டு மறந்துபோய், "எங்க அப்பாவுக்கு பஸ் ஓட்ட பயமா இருக்கு, அது போகணும்னு உம்மை மன்றாடுகிறோம்" என்று போட்டு உடைத்தேன்.

அம்மா தலையில் கைவைத்தாள். அப்பா தரையைப் பார்த்தார். ஆனாலும் முறை முறைதானே, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று அத்தனை பேரும் சொன்னார்கள். அடுத்தது பூட்டுப் பட்டறை ஆரோக்கியம் மாமா. கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "எனக்கும் நெஞ்சு அடிச்சுக்குது ஆண்டவரே, வெளிய சொல்ல வெக்கமா இருக்கு" என்றார். பூக்கட்டும் சவரியம்மா அத்தை, "மூணு மாசமா எனக்கு ஒறக்கமே இல்ல" என்று அழுதுவிட்டார். வெங்காயம் உரித்த வீடுபோல எல்லார் கண்ணிலும் நீர், சுண்டல் ஆறிப்போனது.

கிளம்பும்போது மாமா அப்பாவின் தோளில் கைபோட்டார். "ஏலே சூசை, தலவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும். எனக்குத் தெரியும்ல? நாளைக்கு உன் வண்டில நானும் வாரேன்."

மறுநாள் முதல் பஸ்ஸில் அப்பாவுக்குப் பின் இருக்கையில் மாமா. அதற்கடுத்த நாள் அத்தை. பிறகு மிளகு வாங்க, எலுமிச்சை பார்க்க, "சும்மா காத்து வாங்க" என்று ஆளுக்கொரு சாக்கு; ஈஸ்டர் என்கிற உயிர்ப்பு ஞாயிறு வரை அந்த இருக்கை ஒருநாளும் காலியாக இல்லை. வளைவு வந்தால் பின்னாலிருந்து மெல்ல "அருள்நிறைந்த மரியே" கேட்குமாம். "என்னண்ணே, உங்க கோயிலையே மலைக்கு மாத்திட்டீகளா?" என்று கண்டக்டர் கேலி செய்வாராம். அப்பா வேலையை விடவில்லை. ஓய்வு பெறும்வரை அதே மலையில்தான் ஓட்டினார்.

வம்பு பேசுவதில் எங்கள் தெருவை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஒருவரின் பயத்தைக் காதில் வாங்கியபின் அதை ஊரெல்லாம் பரப்பாமல், டிக்கெட் எடுத்து ஏறி உட்கார்ந்தவர்கள் எங்கள் சனங்கள் என்று இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

இப்போது மன்றாட்டுகள் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகின்றன. ஆளுக்கொன்றாகப் படித்து அரைமணியில் எழுந்துவிடுகிறோம். தட்டுத் தடுமாறித் தன் குறையைத் தானே சொல்பவர் யாருமில்லை. மாமாவும் இல்லை, அத்தையும் இல்லை. போன கல்லறைத் திருநாளில் அவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, அந்தப் பயம் எப்போதுதான் போனது என்று அப்பாவிடம் கேட்டேன்.

"எங்க போச்சு? தெனமும் கூடத்தான் வந்துச்சு" என்றார். "அது உக்கார எடமில்லாம நம்ம ஆளுக ஏறி உக்காந்துக்கிட்டாகள்ல."