ஓரன் பாதிரியின் கதையை எடுக்க முடியாது

பிரிஜா டீச்சரிடம் வாசிக்க ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டவர்கள் யாரும் சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்ததில்லை. இரணியலுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் அவள் ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தாள். பள்ளி வேனுக்குக் காத்து நிற்கும்போதும் சரி, கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு பாயசம் முடிந்து அடுத்த பாயசம் வருவதற்குள்ளும் சரி, பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு கதையைச் சிபாரிசு செய்யாமல் அவளால் இருக்க முடியாது. அதுவும் கடையில் கிடைக்கிற கதை இல்லை. ஒரு தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள், அந்தத் தொடரின் ஆட்களை வைத்துத் தாங்களாகவே எழுதி இணையத்தில் சும்மா போட்டுவைத்திருக்கும் கதைகள்.

தொடரின் பெயர் ‘ஏழாம் சுற்றுப்பாதை’. விண்வெளிக் கப்பல்களும் வேற்றுக் கோள்களும் போரும் சமாதானமுமாக, ஒரே உலகத்தை வைத்து அடுத்தடுத்து நான்கு தொடர்கள் வந்தன. மூன்றாவது தொடரில் கப்பலோடு போகும் ஒரு பாதிரியார் உண்டு, ஓரன் என்று பெயர். அதிகம் பேச மாட்டார். பார்த்தவர்கள் குறைந்ததால் அந்தத் தொடரைப் பாதியில் நிறுத்தினார்கள். கடைசிப் பகுதியில் ஓரனை ஒரு பனி நிலவில் தனியாக விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. அவ்வளவுதான். அவர் செத்தாரா, பிழைத்தாரா, எதுவும் சொல்லவில்லை.

பிரிஜாவுக்கு அது ஆறவில்லை. அப்போது மகள் ஜிஷா கைக்குழந்தை. கணவன் ஜினோவுக்கு ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைப் பழுதுபார்க்கும் வேலை. காற்றுக் காலத்தில் வீட்டுக்கு வருவதே அபூர்வம். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கையால் அலைபேசியில், ஓரனுக்கு என்ன ஆயிற்று என்று தேடினாள். எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிவைத்திருப்பதைக் கண்டாள். தொடரை எடுத்தவர்கள் அதை முடித்துவிட்டார்கள், பார்த்தவர்கள் முடிக்கச் சம்மதிக்கவில்லை. அந்தப் பிடிவாதம் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

நல்லதும் சொத்தையுமாகக் கலந்துதான் கிடந்தது. பொறுக்கி எடுக்க ஆள் வேண்டும் என்று தோன்றியபோது அவள் முகநூலில் ‘வாசிச்சுப் பாருங்க’ என்று ஒரு பக்கம் தொடங்கினாள். கதைகள் பெரும்பாலும் ஆங்கிலம், சிபாரிசு மட்டும் தமிழில். ‘முதல் மூன்று அத்தியாயமும் சுமார்தான். கப்பலின் சமையல்காரி வாயைத் திறக்கும் இடம்வரை பொறுத்துக்கொள்ளுங்கள், பிறகு அடுப்பில் வைத்த மீன் கரிந்தால் நான் பொறுப்பில்லை’ என்கிற மாதிரி எழுதுவாள். பிடிக்காததையும் மறைக்க மாட்டாள். குவைத்தில் நர்ஸ் வேலை பார்க்கும் பெண்கள், கருங்கலில் ஒரு மருந்துக்கடைக்காரர், பெங்களூரில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் என்று அந்தப் பக்கத்துக்கு ஆள் சேர்ந்தது.

அதில் அவள் போட்டவற்றிலேயே பெரிய சிபாரிசு ‘பனிக்கு அடியில்’ என்ற கதைக்கு. எழுதியவர் தன் பெயரை மழைக்குருவி என்று மட்டும் வைத்திருந்தார். கதையில் ஓரன் பாதிரி பனி நிலவில் நடந்து போகும்போது வேற்றுக் கோளைச் சேர்ந்த எதிரிப் படையின் பிணங்களைப் பார்க்கிறார். சொந்தத் தலைவனுக்குக் கீழ்ப்படியாதவர்கள் என்று சொல்லி அவர்களுடைய ஆட்களே விட்டுவிட்டுப் போன பிணங்கள். அப்படிச் செத்தவர்களுக்கு ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது என்பது அவர்கள் சட்டம். எதிரிக்கு ஜெபிக்கக் கூடாது என்பது ஓரனின் படைச் சட்டம். வானொலியில் உத்தரவு வருகிறது. ஓரன் வானொலியை அணைத்துவிட்டு, ஒவ்வொருவராகப் புதைத்து, தன் சபையின் ஜெபத்தை ஒருவருக்கும் குறைக்காமல் முழுசாகச் சொல்கிறார். ‘ஒரே ஒரு கதை வாசிக்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்’ என்று பிரிஜா எழுதியிருந்தாள்.

பள்ளியில் படிக்கும் ஒரு பெண் அதை வாசித்துவிட்டு வீட்டில் சொன்னாள். அவளுடைய அப்பா சபைக் கமிட்டியில் இருப்பவர். எதிரிகளுக்கு, மனுஷரே அல்லாத ஜென்மங்களுக்கு, சபை ஜெபத்தைச் சொல்லுகிற கதையைக் கிறிஸ்தவப் பள்ளி டீச்சர் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார் என்று தாளாளருக்குப் புகார் போட்டார். தலைமையாசிரியை சத்தியபாய் பிரிஜாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவருக்கு பிரிஜாமேல் பிரியம் உண்டு. பக்கத்தை மூட வேண்டாம், மற்ற கதைகள் எல்லாம் இருக்கட்டும், அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டால் தாளாளரிடம் பேசி முடித்துவிடலாம் என்றார்.

வீட்டில் ஜினோவும் அதையேதான் சொன்னான். காற்றாலை உச்சியில் நின்று வேலை பார்க்கிறவன், எதையும் நிதானமாகப் பார்ப்பவன்.

“ஒண்ணுதானே பிரிஜா. எடுத்துட்டு வேற பத்து போடு.”

“வேற எதச் சொன்னாலும் எடுத்திருப்பேன்.”

ஜினோ அவள் முகத்தைப் பார்த்தான். அவனுக்குக் காரணம் தெரியும்.

காரணம் அவளுடைய அண்ணன் ஜெபிஷ். புதுக்கடைப் பக்கம் அவர்கள் வீடு. ஜெபிஷ், அம்பிளி என்ற இந்துப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். சபை அவனை விலக்கிவைத்தது. ஒரு வருடம்கூட ஆகவில்லை, மழையில் பைக் சறுக்கி அவன் இறந்துபோனான். அப்போது பிரிஜா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். சபையில் மணி அடிக்க மாட்டோம் என்றார்கள், கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை என்றார்கள், போதகர் வர மாட்டார் என்றார்கள். அப்பா தேவசகாயம் தன் ரப்பர்த் தோட்டத்தின் ஓரத்தில் குழி வெட்டச் சொன்னார். பெட்டியை இறக்கியபோது யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் வாசிக்கட்டுமா என்று வேதத்தை எடுத்துக்கொண்டு வந்த பிரிஜாவை அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். இருக்கிற மானமும் போய்விடும், வேண்டாம் மக்கா என்றார். அவள் நின்றுவிட்டாள். மண் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அம்பிளியை அவள் வீட்டார் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனார்கள்.

‘பனிக்கு அடியில்’ கதையை முதல்முறை வாசித்தபோது பிரிஜா பாதியில் அலைபேசியைக் கவிழ்த்துவைத்துவிட்டு, துவைத்த துணிகளை மறுபடியும் துவைத்தாள்.

தாளாளர் ஜெபதாஸ் கெட்ட மனிதர் இல்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். கதையை வாசிக்கவில்லை என்றும் வாசிக்கத் தேவையும் இல்லை என்றும் சொன்னார். இன்னொருவன் உண்டாக்கிய ஆட்களைக் களவாண்டு எழுதுவது எப்படிக் கதையாகும் என்று கேட்டார்.

“சார், நம்ம கிறிஸ்மஸ் நாடகத்துல இடையன்மாரு பத்து நிமிஷம் பேசுதாவ. அந்த வசனம் ஒண்ணும் வேதத்துல கிடையாது. போன வருசம் நான்தான் எழுதினேன், நீங்கதான் பரிசு தந்திய.”

அவர் சிரித்துவிட்டார். சிரித்தது தனக்கே பிடிக்காமல் குரலை இறுக்கினார். நாடகம் வேறு, ஜெபம் வேறு என்றார். சபையின் ஜெபம் சபைக்குச் சொந்தம், அதை யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்லக் கூடாது என்று தீர்மானிக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்றார்.

பிரிஜா டீயைத் தொடாமல் எழுந்தாள்.

“அந்த ஆளுவள எனக்குத் தெரியும் சார். எனக்க அண்ணன அடக்கம் பண்ணினப்ப அவியதான் தீர்மானிச்சாவ. அந்தக் கதைய நான் எடுக்க மாட்டேன்.”

திங்கட்கிழமைக்குள் எடுத்துவிட்டு ஒரு வருத்தமும் எழுதிக் கொடுங்கள் என்று மட்டும் அவர் சொன்னார்.

அவள் அந்தச் சிபாரிசை எடுக்கவில்லை. அதற்கு மேலும் ஒரு காரியம் செய்தாள். மழைக்குருவிக்கு எழுதி, கதையின் கடைசி அத்தியாயத்தைத் தமிழில் போட அனுமதி கேட்டாள், ஏன் கேட்கிறாள் என்பதையும் சொன்னாள். மறுநாளே பதில் வந்தது. அவர் ஏதோ குளிர்தேசத்தில் பேருந்து ஓட்டும் பெண். இந்தக் கதையை எழுதிய காலத்தில் பிரிஜாவின் ஊர் என்று ஒன்று இருப்பதே தனக்குத் தெரியாது என்றும், தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் ஓரனை அழவைக்க வேண்டாம், தான் அவரை அழவிடவில்லை என்றும் எழுதியிருந்தார். பிரிஜா அதை அப்படியே மதித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், ஜிஷாவை ஜினோவிடம் விட்டுவிட்டு உட்கார்ந்து தமிழில் எழுதி முடித்தாள். கதைக்குமேல் தன் பெயரையும், அண்ணன் பெயரையும், அவனுக்கு என்ன நடந்தது என்பதையும் எழுதினாள். இந்தக் கதையை எடுக்கச் சொன்னார்கள், எடுக்கப் போவதில்லை, எல்லோரும் வாசியுங்கள் என்று முடித்தாள். திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல் பள்ளிக்குப் போனாள்.

அந்த வாரத்தில் அவள் பக்கத்துக்கு வந்த கூட்டம் அதற்குமுன் எப்போதும் வந்ததில்லை. திட்டியவர்கள் நிறையப் பேர். சபையைச் சந்திக்கு இழுத்துவிட்டாள் என்றார்கள். விண்வெளிக் கதைக்கும் வேதத்துக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்றார்கள். தங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குழி உண்டு என்று எழுதியவர்களும் இருந்தார்கள். பள்ளியில், அந்த ஆண்டு முடிந்தால் போதும், அடுத்த ஆண்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சத்தியபாய் டீச்சர் அதைச் சொல்லும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவளுக்கு அதைவிட வலித்தது அப்பாவின் போன். யாரோ அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தார்கள்.

“நம்ம வீட்டுக் காரியத்த எதுக்கு ஊரெல்லாம் பரத்துக?”

“ஊருதானேப்பா செய்திச்சு. ஊருக்கும் தெரியட்டு.”

அவர் போனை வைத்துவிட்டார். அதன்பிறகு அவள் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவில்லை. வேலை போனதற்கு அழாத பிரிஜா அதற்கு அழுதாள். ஆனாலும் எழுதியதை எடுக்கவில்லை. எடுத்துவிடட்டுமா என்று ஜினோவிடம் ஒருமுறை கேட்டது உண்மை. இனி நீ எடுத்தால் நான் திரும்பப் போடுவேன் என்று அவன் சொன்னான்.

ஏப்ரலில் கருங்கல் பக்கம் வேறொரு பள்ளியில் நேர்காணலுக்குப் போனாள். நேர்காணல் செய்த அம்மா தயங்கித் தயங்கி, நீங்கள் முகநூலில் ஏதோ எழுதுவீர்களாமே என்றார். ஆமாம், நேற்றும் ஒன்று போட்டேன் என்று சொல்லி பிரிஜாவே அலைபேசியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் கொஞ்ச நேரம் வாசித்தார். பிறகு வேலையைப் பற்றிப் பேசினார். ஜூனில் அங்கே சேர்ந்தாள்.

அதற்கு முன்னால், மே மாதத்தில், அம்பிளி வந்தாள். புதுக்கடையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தாலும், அத்தனை வருடத்தில் பிரிஜா அவளைப் போய்ப் பார்த்ததில்லை. வாசலில் நின்றவளைப் பார்த்ததும், அந்த வெட்கத்தில், “உள்ள வாருங்க மைனி” என்று அண்ணியை அழைப்பதற்கே பிரிஜாவுக்கு நேரம் பிடித்தது. அம்பிளி உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கடையில் கூட வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி காட்டித்தான் வாசித்ததாகச் சொன்னாள். விண்வெளி, கப்பல், அதெல்லாம் விளங்கவில்லையாம். பாதிரியார் மண்ணில் கைவைத்துச் சொல்லும் இடம் மட்டும் விளங்கியதாம்.

“அத அவியளுக்கப் பக்கத்துல வச்சு வாசிப்பியா?” என்று கேட்டாள். ஜெபிஷின் குழியைத்தான் சொன்னாள்.

மறுநாள் இருவரும் புதுக்கடை வீட்டுக்குப் போனார்கள். முன்கூட்டிச் சொல்லவில்லை, சொன்னால் அப்பா வேண்டாம் என்பார் என்று பிரிஜாவுக்குத் தெரியும். படலைத் திறந்து உள்ளே வந்தவர்களைப் பார்த்து தேவசகாயம் திண்டாடிப்போனார். மகளிடம் பேசவில்லை. அம்பிளியைப் பார்த்து, வெயிலில் வந்தியா மக்கா என்று மட்டும் கேட்டார். அவர்கள் தோட்டத்துக்குள் இறங்கிப் போனார்கள்.

குழியின்மேல் புல் வெட்டிச் சுத்தமாகக் கிடந்தது. அப்பா தனியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அம்பிளி செருப்பைக் கழற்றிவிட்டு அருகில் குந்தினாள். பிரிஜா அலைபேசியில் அந்த அத்தியாயத்தைத் திறந்து, வகுப்பில் வாசிக்கும் குரலிலேயே, சத்தமாக வாசித்தாள். பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. யார் உங்களை மறுத்திருந்தாலும் உங்கள் பெயரை நான் சொல்கிறேன் என்று ஓரன் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லும் இடத்தில், பட்டியலின் கடைசியில் ஜெபிஷ் என்று தானாகச் சேர்த்து வாசித்தாள். ஓரனுக்காக மழைக்குருவி கேட்டுக்கொண்டபடி, தானும் அழவில்லை.

முடித்துத் திரும்பியபோது அப்பா ஒரு ரப்பர் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தலையில் கட்டியிருந்த துவர்த்துத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார்.

எல்லோரும் வீட்டுக்கு ஏறி வந்தார்கள். அப்பா கட்டன் காப்பி போட்டுக் கொடுத்தார். அம்பிளி, மரங்கள் ரொம்ப வளர்ந்துவிட்டன என்றாள். அவர் ஆமாம் என்றார். கிளம்பும்போது பிரிஜாவை மட்டும் நிறுத்தி, இன்றைக்கு நடந்ததையும் அதில் எழுதுவாயா என்று கேட்டார். பிரிஜா கொஞ்சம் நிமிர்ந்து, எழுதத்தான் போகிறேன் என்றாள், சண்டைக்குத் தயாராக.

“எழுது. நானும் நின்னேன்னு எழுது. எனக்க பேரப் போட்டு எழுது” என்றார்.